இல்லத்துப் பிள்ளைகளுக்கு சிபிடி: சிந்தனைப் பதிவேட்டில் எல்லாரும் 'ஒன்னுமில்ல' என்றே எழுதுகிறார்கள், என்ன செய்ய?

பழையாறு கேட்டது:

வணக்கம். மார்த்தாண்டம் பக்கத்தில் ஒரு குழந்தைகள் இல்லம். 14 முதல் 17 வயது வரை 9 பையன்கள். ஆற்றுப்படுத்துநராக வாரத்துக்கு ஒரு நாள், ஆளுக்கு 40 நிமிடம். சிபிடி (நினைப்பு, உணர்ச்சி, நடத்தை மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் பேச்சுச் சிகிச்சை) தொடங்கி இது 5ஆம் வாரம். மூச்சுப்பயிற்சி ஓரளவு ஓடுகிறது. சிந்தனைப் பதிவேடுதான் படுத்துவிட்டது. ஏழு கட்டம் போட்ட தாள் கொடுத்தால், 'அப்போ மனசுல என்ன ஓடிச்சு' என்ற கட்டத்தில் எல்லாரும் 'ஒன்னுமில்ல'. மூன்று பேருடைய தாள் எழுத்துக்கு எழுத்து ஒன்று.

இரண்டாவது சிக்கல் இதைவிடப் பெரிது. ஒரு பையனின் நினைப்பு 'அம்மா இனி வரமாட்டா'. புத்தகத்தில் உள்ளபடி அந்த நினைப்புக்கு என்ன ஆதாரம் என்று கேட்டால், ஆதாரம் அவன் பக்கம்தான் இருக்கிறது. 14 மாதமாக யாரும் வரவில்லை. இந்த இடத்தில் எதை வைத்துப் பேசுவது?

மூன்றாவது, வீட்டில் நடந்த அடி உதையை எல்லாம் இப்போதே பேச வைக்கலாமா? 'உள்ள இருக்கறத வெளிய கொட்டினா சரியாயிடும்' என்று நிர்வாகம் அவசரப்படுத்துகிறது. அனுபவமுள்ளவர்கள் விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

வேளிமலை பதில்:

முதலில் அந்த ஏழு கட்டத் தாளை மேசை டிராயருக்குள் போட்டுப் பூட்டுங்கள். 1960களில் ஆரன் பெக், மனச்சோர்வோடு வந்த பெரியவர்களிடம் வளர்த்தெடுத்த முறையிலிருந்து வந்தது அது. வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு எழுத முடிகிற ஆளுக்குத்தான் அது பொருந்தும். இல்லத்தில் நோட்டு இருக்கிற இடம் தலையணைக்கு அடியில். பக்கத்துக் கட்டில்காரன் வாசிப்பான், ஒருநாள் வார்டனும் வாசிப்பார். நாலு பேர் வாசிக்கிற நோட்டில் 'ஒன்னுமில்ல' என்று எழுதுகிறவன் விவரமானவன். இதோடு, அவனுக்கு எழுத்துக் கூட்டி வாசிக்க வருகிறதா என்றும் பாருங்கள். ஒன்பதாம் வகுப்பில் இருந்தாலும் வாசிப்பு மூன்றாம் வகுப்பு அளவில் நிற்கும் பிள்ளைகள் இல்லங்களில் அபூர்வமில்லை. எழுத்துக்கு எழுத்து ஒரே மாதிரி மூன்று தாள் வந்தால் எனக்கு முதலில் வரும் சந்தேகம் அதுதான்.

நினைப்பைப் பிடிப்பதற்கு முன்னால் உணர்ச்சிக்குப் பெயர் வேண்டும். 'பதற்றம்', 'மனச்சோர்வு' எல்லாம் நம்முடைய சொற்கள். குழித்துறைப் பக்கத்துப் பையன் 'பேடி' என்பான், 'விஷமமா இருக்கு' என்பான். நாகர்கோவில் பக்கம் 'வெப்ராளம்'. எந்த ஊர்ப் பையனுக்கும் பொதுவான ஒரே சொல் 'கடுப்பு'. அந்தக் கடுப்புக்கு அடியில் பயமும் மானக்கேடும் கலந்து கிடக்கும். ஒரு அமர்வு முழுவதையும் இதற்கே கொடுங்கள். 0 முதல் 10 வரை ஒரு ஏணி வரைந்து, ஒவ்வொரு படிக்கும் உடம்பில் ஓர் அடையாளம் கேளுங்கள். கடுப்பு 3 என்றால் பல்லைக் கடிப்பது, 5 என்றால் காது சூடாவது, 8 என்றால் கை முறுக்குவது, இப்படி. வெறும் எண் மட்டும் வாங்கினால் எல்லாரும் 5 என்று சொல்லித் தப்பித்துவிடுவார்கள்.

அடுத்து, நான்கு கேள்வியை வாயாலேயே கேளுங்கள்: என்ன நடந்தது, மனசு என்ன சொன்னது, உடம்பு என்ன செய்தது, கை என்ன செய்தது. கேட்கும்போது கடைசியிலிருந்து முன்னுக்கு வாருங்கள். 'தட்டைத் தூக்கி எறிஞ்ச, சரி. அதுக்கு ஒரு நிமிஷம் முன்னால உடம்பு எப்படி இருந்துச்சு?' கை செய்தது அவனுக்கு நினைவிருக்கும், அதைப் பிடித்துக்கொண்டு உடம்புக்கு வரலாம். மனசு கடைசி. அங்கேயும் முட்டி நின்றால் மூன்று யூகம் சொல்லுங்கள், அதில் ஒன்று வேண்டுமென்றே அபத்தமாக இருக்கட்டும். 'சோறு வேகலன்னு நினைச்சியா, உனக்கு மட்டும் கொறச்சு வெச்சாங்கன்னு நினைச்சியா, தட்டு பறக்குமான்னு பாத்தியா?' தப்பைத் திருத்துகிற சாக்கில் சரியானது வெளியே வரும். 'உன்னை மாதிரி ஒரு பையன்' என்று ஒரு பொம்மைப் படம் வரைந்து அவன் தலைக்கு மேல் பேச்சுக்குமிழ் போடுவதும் பலிக்கும். தாள் எதுவும் அறையை விட்டு வெளியே போக வேண்டாம். உங்கள் கோப்பில் இருக்கட்டும்.

இப்போது அந்த 'அம்மா வரமாட்டா'. இங்கேதான் சிபிடி தெரிந்தவர்களே அதிகம் சறுக்குவது. ஆதாரம் கேட்டு வாதாடத் தொடங்கினால் நீங்கள் வக்கீலாகிவிடுவீர்கள். போலீஸ், குழந்தைகள் நலக் குழு, பள்ளிக்கூடம் என்று எத்தனையோ பேர் கேள்வி கேட்டுவிட்ட பையன் அவன். 'ஆதாரம் என்ன' என்ற சொல்லே அவனுக்கு விசாரணை அறை. அந்த நினைப்பைப் பிரித்துப் போடுங்கள். 'அம்மா 14 மாசமா வரல' நடந்த விஷயம். 'இனி வரமாட்டா' கணிப்பு. 'நான் அன்னைக்குச் சண்டை போட்டதாலதான் வரல' பழி. 'நான் யாருக்கும் வேண்டாதவன்' தீர்ப்பு. முதலாவதை மாற்றக் கூடாது, அது துக்கம். கூட உட்கார்ந்து கேட்க மட்டும் செய்ய வேண்டும். இரண்டாவதற்கு, அம்மா எங்கே இருக்கிறார், என்ன நிலையில் இருக்கிறார் என்று கோப்பையும் சமூகப் பணியாளரையும் பாருங்கள். தெரியாமல் 'வருவாங்க மக்களே' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே நீங்கள் பொய்யர். நாம் கைவைக்க வேண்டியது மூன்றாவதும் நான்காவதும்.

பழிக்கு ஒரு தோசை வரையுங்கள். அம்மா வராததற்கு என்னென்ன காரணம் இருக்கக்கூடும் என்று அவனே சொல்லட்டும்: பஸ் காசு, கடன், உடம்பு சரியில்லாதது, வீட்டிலிருக்கும் ஆள் விடாதது, வெளியூர் வேலை, வந்தால் திட்டுவார்களோ என்ற வெட்கம். ஒவ்வொன்றுக்கும் ஒரு துண்டு வெட்டிக் கொடுக்கச் சொல்லுங்கள். அவனுடைய பங்கைக் கடைசியில்தான் கேட்க வேண்டும். முதலில் கேட்டால் முழுத் தோசையையும் அவனே எடுத்துக்கொள்வான். கடைசியில் ஒரு விரற்கடை மிஞ்சி, 'இது என்னோடது' என்று சொன்னால் விட்டுவிடுங்கள். அதையும் பூஜ்யமாக்க முயன்றால் நீங்கள் சமாதானம் சொல்கிறீர்கள் என்று கண்டுகொள்வான்.

மூன்றாவது கேள்வி. வேண்டாம், இப்போது வேண்டாம். கொடுமைக்கு ஆளான பிள்ளைகளுக்கென்று கோஹன், மன்னரினோ, டெப்ளிங்கர் மூவரும் உருவாக்கிய சிபிடி முறையில் பொதுவாக 12 முதல் 16 அமர்வு. பல வருடம் தொடர்ந்து நடந்த கொடுமை என்றால் 25 வரை போகும், அதில் பாதி மனதை நிலைப்படுத்துவதற்கே. நடந்ததைச் சொல்ல வைப்பது அதில் நடுப்பகுதி. அதற்கு முன்னால் தன்னை அடக்கிக்கொள்ளும் திறன் வந்திருக்க வேண்டும், இல்லத்திலேயே நம்பிக்கையான பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும். பக்கத்து வாரங்களில் இடமாற்ற விசாரணை இருந்தாலோ, பொதுத்தேர்வு மாதமானாலோ, அண்மையில் தன்னைக் காயப்படுத்தியிருந்தாலோ, அடித்த ஆள் இன்னும் பார்க்க வந்துகொண்டிருந்தாலோ தொடங்காதீர்கள். ஒரே நாளில் கொட்ட வைத்துவிட்டு நீங்கள் பஸ் ஏறிப் போய்விடுவீர்கள். மிச்சம் ஆறு நாள் அவன் யாரிடம் போவான்? தொடங்கினாலும் கடைசி 15 நிமிடம் இறங்கி வருவதற்கு ஒதுக்குங்கள். 'இன்னைக்கு அவனுக்குக் கொஞ்சம் கனமான நாள்' என்று மட்டும் பணியாளருக்குச் சொல்லிவிட்டுப் போங்கள், உள்ளடக்கம் வேண்டாம். குழுவில் ஒருபோதும் கூடாது.

முட்டம் காற்று பதில்:

வேளிமலை சார் அறைக்குள்ள நடக்கறதைச் சொல்லியாச்சு. வாரத்துக்கு 168 மணி நேரம். அதுல 40 நிமிஷம்தான் உங்களோடது. மிச்சம் வார்டன், சமையல் அக்கா, ராத்திரி டூட்டி பாக்கற அண்ணன். இவங்களைச் சேர்க்காம சிபிடி நிக்காது.

பணியாளர்களோட வாரம் 20 நிமிஷம் உக்காருங்க, அதுக்கு மேல கேட்டா யாரும் வரமாட்டாங்க. பையன் சொன்னது எதையும் அங்க பேசக்கூடாது. ஒரே ஒரு திறனை மட்டும் சொல்லிக் குடுங்க, 'இந்த வாரம் ஏணி எண் கேக்கறது' மாதிரி. பொறுப்பு மாறும்போது எழுதற பதிவேட்டுல அந்தத் திறனுக்கு ஒரு வரி இடம் விடுங்க: எப்ப கேட்டாங்க, என்ன எண் சொன்னான், என்ன செஞ்சான். மூணு வாரத்துல ஒரு உருவம் தெரியும். சண்டையெல்லாம் ஞாயித்துக்கிழமை சாயங்காலம், பார்வையாளர் நேரம் முடிஞ்ச பிறகுதான் வருதுன்னு அப்பதான் புரியும். அந்த ரெண்டு மணி நேரத்துக்குக் கால்பந்தோ தோட்ட வேலையோ வெச்சா பாதிச் சண்டை குறையும். யாரும் வராத பையனுக்கு அந்த நேரத்துல பொறுப்பான ஒரு வேலை குடுங்க, பந்துக்குக் காத்தடிக்கறதாவது.

எது பிடிக்கும்னு கேட்டு வேலை குடுக்கறதும் சிகிச்சைதான். இல்லத்துல காலையில மணி அடிச்சதுல இருந்து படுக்கற வரைக்கும் எல்லாம் அடுத்தவங்க போட்ட அட்டவணை. மனசு ஒடிஞ்ச பையனுக்கு நாளுக்கு 15 நிமிஷம் அவனே தேர்ந்தெடுக்கற ஒரு காரியம் இருக்கணும். முன்னாலயும் பின்னாலயும் 0 முதல் 10 மனநிலை எண் கேளுங்க. மரச்சீனிக் கிழங்கு தோல் உரிக்கறதுக்கு முன்னால 2, முடிஞ்சதும் 4. அந்த ரெண்டு எண்ணை அவனுக்கே காட்டினா போதும், பிரசங்கம் வேண்டாம்.

ராத்திரி கனவு கண்டு அலறினா செய்ய வேண்டியதை எழுதி ராத்திரி அறையில ஒட்டுங்க. தொட்டு உலுக்காதீங்க, கால்மாட்டுல நின்னு பேர் சொல்லிக் கூப்பிடுங்க. சின்ன வெளிச்சம் போடுங்க. 'இது இல்லம், இன்னைக்கு செவ்வாய், நான் இங்கதான் இருக்கேன்'னு சொல்லுங்க. தண்ணி குடுங்க. என்ன கனவுன்னு அப்ப கேக்கவே வேண்டாம். கனவோட முடிவை மாத்தி எழுதி, விழிச்சிருக்கும்போது தினம் 10 நிமிஷம் மனசுல ஓட்டிப் பாக்கற பயிற்சி இருக்கு. அது பகல் வேலை, ஆற்றுப்படுத்துநர் வேலை.

மூச்சுப்பயிற்சிக்குக் கண்ணை மூடச் சொல்லாதீங்க. அடிபட்ட பிள்ளைகளுக்குக் கண்ணை மூடினா அந்த அடிதான் நினைவுக்கு வரும். கண் திறந்தபடி, 4 எண்ணி இழுத்து 6 எண்ணி விடணும், 5 நிமிஷம். கடுப்பு 8ல இருக்கும்போது சொல்லிக் குடுக்கறதில பலனே இல்ல. 2ல இருக்கும்போது பழகணும், தினம் சாப்பாட்டுக்கு முன்னால எல்லாரும் சேர்ந்து.

நல்லது செஞ்சா நட்சத்திரம் ஒட்டற அட்டை பத்தி ஒரு வார்த்தை. நல்ல முறைதான், ஆனா நாலாவது வாரம் அது தண்டனை அட்டையா மாறிடும். குடுத்த நட்சத்திரத்தைப் பிடுங்கக்கூடாது. சாப்பாடு, வீட்டுக்குப் போன் பேசறது, வீட்டு லீவு மூணையும் அதோட கட்டவே கூடாது. 'ஒழுங்கா இரு'ன்னு எழுதாதீங்க, 'கடுப்பு 6 வந்தா வராந்தாவுக்குப் போயிட்டு வந்தான்'னு எழுதுங்க. கை நீட்டற பணியாளர் இருந்தா இந்த அட்டையெல்லாம் வெறும் காகிதம். இளைஞர் நீதிச் சட்டம் 82ஆம் பிரிவுல இல்லத்துல அடிக்கறது குற்றம், முதல் தடவை 10,000 ரூபாய் அபராதம். அதையும் அந்த 20 நிமிஷத்துல ஒரு நாள் சொல்லிடுங்க.

பழையாறு பதில்:

ரொம்ப நன்றி. தாளை நிறுத்திவிட்டுக் கடைசியிலிருந்து கேட்கும் முறையை இந்த வாரமே எடுக்கிறேன். இன்னொன்று கேட்க வேண்டும். கடலோர ஊர்ப் பையன் ஒருவன், குடும்பத்தில் கடலில் போனவர் திரும்பவில்லை. கடற்கரைச் சுற்றுலா என்றாலே வாந்தி எடுக்கிறான். 'ஒரு தடவ கூட்டிட்டுப் போயி தண்ணியில நிறுத்தினா பயம் தெளிஞ்சிடும்' என்கிறார்கள். சரியா?

வேளிமலை பதில்:

முதல் நாளே தண்ணீரில் நிறுத்துவது கூடாது. பயத்தைப் படிப்படியாகச் சந்திக்க வைப்பதற்கும் திடுமென்று தள்ளிவிடுவதற்கும் உள்ள தூரம் பெரிது. அவன் கட்டுப்பாட்டில் நடந்தால்தான் அது சிகிச்சை.

முதலில் எதற்குப் பயம் என்று பிரியுங்கள். அலை இழுத்துவிடும் என்றா, அழுகை வந்து எல்லார் முன்னும் மானம் போகும் என்றா, அவர் முகம் நினைவுக்கு வரும் என்றா? கடைசியாகச் சொன்னது என்றால் அது பயத்தைவிடத் துக்கம், படிக்கட்டு அதற்கு மருந்தாகாது. 2017 நவம்பர் கடைசியில் வந்த ஒக்கிப் புயலுக்குப் பிறகு உடல் கிடைக்காத குடும்பங்கள் இந்த மாவட்டத்தில் இருக்கின்றன. சடங்கு முடியாத துக்கம் வேறு வகை, அதற்கு வேறு வேலை.

பயம்தான் என்றால் 8 படி எழுதுங்கள், எண் அவன் போடட்டும். கடல் படம் பார்ப்பது 2. அலைச் சத்தம் போனில் கேட்பது 3. தேங்காப்பட்டணம் போகும் பஸ்ஸில் பாதி வழி போய்த் திரும்புவது 4. கடல் தெரிகிற மேட்டில் நிற்பது 5. மணலில் 50 அடி தள்ளி உட்காருவது 6. இப்படிக் கால் நனைவது வரை. ஒவ்வொரு படியிலும் போவதற்கு முன் 'என்ன நடக்கும்னு நினைக்கற' என்று கேட்டு எழுதி, வந்த பிறகு 'என்ன நடந்துச்சு' என்று பக்கத்தில் எழுதுங்கள். பாடம் அந்த இரண்டு வரிக்கும் நடுவில்தான். ஒரே படியை 3, 4 தடவை, வேறு வேறு நேரத்தில் செய்யட்டும். பணியாளர் கையைப் பிடித்துக்கொண்டே, கண்ணை மூடிக்கொண்டே போனால் 'பிடிச்சிருந்ததால தப்பிச்சேன்' என்று மூளை கணக்கு எழுதிவிடும். கையை மெல்ல விட வேண்டும். பயம் உச்சத்தில் இருக்கும்போது அவசரமாகத் திருப்பிக் கூட்டி வருவது அதைவிட மோசம், பயம் வலுத்துவிடும். அதனால்தான் சின்னப் படி.

தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில், ஜூன் முதல் செப்டம்பர் வரை, தண்ணீர்ப் படிகளை வைக்காதீர்கள். நம் மேற்குக் கடற்கரையில் அப்போது கடல் உண்மையிலேயே ஆபத்து. உண்மையான ஆபத்தைப் 'பயப்படாதே' என்று சொல்லிக் கொடுப்பது சிகிச்சை இல்லை.

ஆம்பல்குளம் பதில்:

எல்லாம் சரி. ஆனால் 5ஆம் வாரம் வந்தும் தொடக்க மதிப்பீட்டைப் பற்றி யாரும் பேசவில்லையே, மேடம். இது சிகிச்சை தொடங்கும்முன் செய்ய வேண்டியது. ராபர்ட் குட்மன் 1997இல் வெளியிட்ட, பிள்ளைகளின் உணர்ச்சி, நடத்தை பற்றிய 25 கேள்வித் தாள் தமிழிலும் கிடைக்கிறது. 11 முதல் 17 வயதினர் தாங்களே பதில் சொல்லலாம், பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் தனித் தாள் உண்டு. பையனுக்கு வாசித்துக் காட்டுங்கள், குரலில் சாய்வு வேண்டாம். 3 மாதம் கழித்து மறுபடி. இது நோயைக் கண்டுபிடிக்கும் தாள் இல்லை, எங்கே பார்க்க வேண்டும் என்று கைகாட்டும், அவ்வளவே. கூடவே இரத்தசோகை, காது, கண் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். 'சொன்னா கேக்கமாட்டான்' என்ற பையனுக்கு உண்மையிலேயே காது கேட்காமல் இருக்கும்.

முதல் அமர்விலேயே இரகசியத்தின் எல்லையைச் சொல்லியாக வேண்டும். 'நீ சொல்றது எனக்குள்ள இருக்கும். உன்னையோ இன்னொருத்தரையோ காயப்படுத்தற எண்ணம்னா, யாராவது உன்னைத் தப்பா தொட்டிருந்தா, நான் சொல்லியே ஆகணும். யார்கிட்ட சொல்றேன்னு உனக்கு முன்கூட்டியே சொல்லுவேன்.' 5 வாரம் கழித்து இதைச் சொன்னால் ஏமாற்றியதாக நினைப்பான். பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால், பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். மறைத்தால் 21ஆம் பிரிவில் 6 மாதம் வரை சிறை, நிறுவனப் பொறுப்பாளருக்கு ஒரு வருடம் வரை. அவன் பேசத் தொடங்கினால் அவன் சொன்ன சொற்களிலேயே குறித்துக்கொள்ளுங்கள், துருவிக் கேட்காதீர்கள். அது விசாரணை அலுவலரின் வேலை. நீங்கள் நுணுக்கமாகக் கேட்டால் நீதிமன்றத்தில் 'சொல்லிக் கொடுத்தது' என்பார்கள்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் இல்லம் எழுதி வைக்கும் தனிநபர் பராமரிப்புத் திட்டத்தில் சிகிச்சையின் நோக்கம் மட்டும் போகட்டும்: 'கோபம் அடக்கும் பயிற்சி, வாரம் 1, அடுத்த ஆய்வு இந்தத் தேதி'. அம்மா, தோசை, துக்கம் எதுவும் அந்தத் தாளில் வேண்டாம். அது பல கை மாறும் கோப்பு. 17 வயதுக்காரர்களுக்கு இன்னொரு வரி சேருங்கள். 18இல் இல்லத்தை விட்டுப் போன பிறகு பிற்காப்பு உதவிக்குச் சட்டத்தில் இடம் உண்டு. அதுவே தெரியாமல் '18 ஆனா தெருவுல விட்டுடுவாங்க' என்ற நினைப்போடு இருப்பான். அதை மாற்ற சிபிடி தேவையில்லை, சரியான தகவல் போதும்.

சாவைப் பற்றிப் பேசினால் 'இனி செய்யமாட்டேன்' என்று கையெழுத்து வாங்கும் பழக்கத்தை விடுங்கள். அது நம்மைத் தேற்றுமே தவிர அவனைக் காக்காது. வருகிற அறிகுறி, தானே செய்யக்கூடியது, போகக்கூடிய இடம், பேசக்கூடிய ஆள், கூப்பிட வேண்டிய மருத்துவர், கைக்கு எட்டாமல் வைக்க வேண்டிய பொருள் என்று ஆறு வரி எழுதுங்கள். நம் மாவட்டத்தில் ஆறாவது வரியை விளையாட்டாக எடுக்கக் கூடாது. ரப்பர் பால் உறைய வைக்கும் ஆசிட், வாழைக்கு அடிக்கும் மருந்து, கழிவறை ஆசிட் மூன்றும் இல்ல வளாகத்தில் இருந்தால் அன்றைக்கே பூட்டுக்குள் போக வேண்டும். திட்டம் போட்டிருக்கிறான், காதில் குரல் கேட்கிறது, நாள்கணக்கில் சாப்பிடவில்லை என்றால் சிபிடி காத்திருக்கட்டும், ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். இரவு நேரத்தில் ஆலோசனை வேண்டுமானால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416.

பழையாறு பதில்:

இரகசிய எல்லையை முதல் நாள் சொல்லாதது என் பிழைதான், இந்த வாரம் முதல் வேலை அது. கடைசியாக ஒன்று. அரையாண்டுத் தேர்வு முடிந்து கிறிஸ்துமஸுக்கு 5 பேர் வீட்டுக்குப் போகிறார்கள், 4 பேர் இங்கேயே. திரும்பி வந்த பிறகு எங்கிருந்து தொடங்குவது?

முட்டம் காற்று பதில்:

போறவங்களுக்கு நோட்டு எதுவும் குடுத்து விடாதீங்க, வீட்டுல யாராவது வாசிச்சா அடிதான் விழும். சட்டைப்பையில நிக்கற ஒரு சின்ன அட்டை, அதுல ஏணியும் குழந்தைகள் உதவி எண் 1098ம் மட்டும். வந்த முதல் வாரம் புதுசா ஒன்னும் சொல்லிக் குடுக்க வேண்டாம். எண் மட்டும் கேளுங்க, பாதிப் பேரு பழைய இடத்துக்கே போயிருப்பாங்க, அது தோல்வி இல்ல. இங்கயே தங்கற 4 பேருக்குத்தான் அந்த 10 நாள் அதிகக் கனம். ஊரெல்லாம் குடில் கட்டி நட்சத்திரம் தொங்கவிட்டிருக்கும், ஜன்னல் வழியா பாத்துட்டே இருப்பான். உங்க வாரம் ஒரு நாளை அந்த வாரத்துல மட்டும் ரெண்டாக்க முடியுமான்னு நிர்வாகத்துக்கிட்ட இப்பவே கேட்டு வைங்க, டிசம்பர் பிறந்த பிறகு கேட்டா கிடைக்காது.